வாஷர் தொட்டியை நிரப்பாதீர்கள், காலி செய்யுங்கள்

காரை சர்வீஸுக்கு விட்டால் இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுகிறார்கள். கூலன்ட்டுக்கும் பிரேக் ஆயிலுக்கும் மாற்றவேண்டிய காலக்கெடு உண்டு. முன்கண்ணாடியைக் கழுவத் தண்ணீர் வைத்திருக்கும் வாஷர் தொட்டிக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. குறைந்திருந்தால் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்து மூடியை அழுத்திவிடுவார்கள், அத்தோடு வேலை முடிந்தது. கார் வாங்கிய வருடம் ஊற்றிய தண்ணீரின் மிச்சத்தோடு அடுத்த கோடையின் தண்ணீர் சேரும், அதன் மிச்சத்தோடு அதற்கடுத்த மழைக்காலத்தின் தண்ணீர் சேரும். தொட்டி ஒருநாளும் முழுதாகக் காலியாகாமலே காரின் ஆயுள் முடிந்துவிடும். எந்தத் தண்ணீரை ஊற்றுவது, எந்தத் திரவத்தைக் கலப்பது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கேள்விகளெல்லாம் இரண்டாம் பட்சம். தொட்டியைக் கெடுப்பது மிச்சத்தின் மேல் ஊற்றும் இந்தப் பழக்கம்தான்.

தொட்டியின் அமைப்பே இந்தப் பழக்கத்துக்குத் துணைபோகிறது. பெரும்பாலான கார்களில் அது 2 முதல் 5 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பாத்திரம். பானட்டைத் திறந்தால் கண்ணில் படுவது மூடியும் கழுத்தும்தான். உடம்பு முழுக்க முன்சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவே ஒளிந்திருக்கும். அடிப்பக்கத்தில் ஒரு சிறிய மின்பம்ப் ரப்பர் வளையத்தில் செருகப்பட்டிருக்கும், அதன் வாயில் ஒரு சல்லடை இருக்கும். பம்பின் வாய் தரையோடு தரையாக இருப்பதில்லை என்பதால் பல வண்டிகளில் கடைசி விரற்கடைத் தண்ணீரை அதனால் உறிஞ்ச முடியாது. ஸ்பிரே வருவது நின்றுவிட்டதே, தொட்டி காலி என்று நாம் நினைக்கும்போதும் அடியில் வண்டல் கலந்த ஓர் அடுக்கு மிஞ்சி நிற்கிறது.

தொட்டியில் சேரும் அழுக்கு இரண்டு வகை. ஒன்று உப்பு, மற்றொன்று உயிர். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியத்தை மற்றதற்கும் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

உப்பின் கணக்கு எளிது. குடிநீருக்கான இந்தியத் தரம், அதாவது ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. அந்த 600 மில்லிகிராம் தண்ணீரில் 3 லிட்டரைக் கண்ணாடியில் அடித்து உலரவிட்டால் கிட்டத்தட்ட 2 கிராம் சுண்ணப்பொருள் எங்காவது படிந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் குளித்துப் பழகியவர்களுக்குக் குளியலறைக் குழாயின் வெள்ளைப் படிவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. காரில் அது முக்கியமாகப் படியும் இடம் தொட்டியல்ல, நாசில். ஸ்பிரே நின்றதும் நாசில் வாயில் தங்கும் கடைசிச் சொட்டு, வெயிலில் கொதிக்கும் பானட்டின்மேல் உலர்ந்து, கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட்டைக் கரையாத கார்பனேட்டாக விட்டுச் செல்கிறது. ஊசிமுனை அளவேயான அந்தத் துளை இப்படிச் சொட்டுச் சொட்டாகவே அடைபட்டுவிடும். இது எரிச்சலூட்டும் கோளாறு, கெட்ட நேரத்தில் நேர்ந்தால் ஆபத்தும்கூட: எதிரே லாரி வாரியடிக்கும் சேற்றை வறண்ட வைப்பரால் துடைத்தால் கண்ணாடி முழுதும் மறைந்துபோகும். ஆனாலும் உப்பு பெருகாது. போட்ட அளவுதான் இருக்கும்.

உயிர் அப்படியல்ல. மாநகராட்சிக் குழாய்நீரில் கிருமியைத் தடுக்க லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கவேண்டும் என்கிறது அதே தரம். இந்தக் குளோரின் வெப்பத்தில் வேகமாகச் சிதையும், அழுக்கோடு வினைபுரிந்தும் தீரும். சூடான பானட்டின்கீழ் அது நீடிக்க வழியில்லை. காவல் போனபின் மிஞ்சுவது மிதமான சூட்டில் அசையாமல் நிற்கும் தண்ணீர். மூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே விழும் தூசியும் பூச்சித் துணுக்குகளும் உணவு. ரப்பர் வளையங்களும் குழாய்களும் கசியவிடும் சிறிதளவு கரிமப் பொருளும் உணவு. தொட்டி வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தால் பாசியும் சேரும். இந்தச் சூழலில் பாக்டீரியாக்கள் நீரில் மிதந்தபடி காலம் தள்ளுவதில்லை. சுவரில் ஒட்டி, தாமே சுரக்கும் பசையால் தம்மை மூடிக்கொண்டு படலமாகின்றன. விரலால் தடவினால் வழுக்குமே, அதுதான் அந்த உயிர்ப்படலம். தண்ணீரை மாற்றினாலும் படலம் போகாது. உறைமோர் ஒட்டிய பாத்திரத்தில் ஊற்றிய பால் தானாகத் தயிராவதுபோல, புதிய தண்ணீரும் பழைய தண்ணீராகிவிடும்.

இந்தப் படலத்தில் குடியேறக்கூடியவற்றில் கவலைக்குரியது லெஜியோனெல்லா. 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு முடிந்தபின் பலருக்குக் கடும் நிமோனியா வந்தது. முப்பது பேரளவில் இறந்தார்கள். ஆறு மாதம் கழித்துத்தான், 1977 ஜனவரியில், ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். அந்தப் படைவீரர் அமைப்பின் பெயரே கிருமிக்கும் வந்தது. ஆறு, குளம், ஈரமண் என எங்கும் சிறு அளவில் இருக்கும் கிருமி இது. 20 முதல் 50 பாகை செல்சியஸ் வரை வாழும், 35 பாகையை ஒட்டி நன்றாகப் பெருகும். சென்னையில் பானட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை எழுத முடியாது. படலத்தை மேயவரும் அமீபாக்கள் இதை விழுங்கும். விழுங்கப்பட்ட கிருமி செரிக்கப்படாமல் அமீபாவுக்குள்ளேயே பெருகி வெளியேறும். நம் நுரையீரலின் காவல் செல்களுக்குள்ளும் அதே வித்தையைத்தான் காட்டுகிறது. அதனால்தான் செல்லுக்குள் போதிய அளவு ஊடுருவாத பென்சிலின் வகை மருந்துகள் இதற்கு எடுபடுவதில்லை. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை தேவைப்படுகின்றன. நோய் கண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கிறார். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது இதன் வழக்கமல்ல. கிருமியுள்ள தண்ணீரின் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதுதான் வழி.

நுண்துளியை உண்டாக்குவதுதான் வாஷர் நாசிலின் தொழிலே. அதோடு, காருக்குள் வெளிக்காற்றை எடுத்துவரும் துவாரம் பெரும்பாலான வண்டிகளில் முன்கண்ணாடியின் அடிவிளிம்பில், நாசிலுக்குப் பக்கத்திலேயே அமைந்திருக்கிறது. கண்ணாடியில் அடிக்கும் ஸ்பிரேயின் வாசனை உள்ளே வருவதைக் கவனித்தவர்களுக்கு இந்த வழி எவ்வளவு நேரடியானது என்பது தெரியும்.

வழி இருக்கிறது என்பதால் நோய் வந்துவிடும் என்று முடிவுகட்ட முடியாது, சான்று வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வண்டி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் இந்த நோய் கூடுதலாகத் தென்பட்டதால், அங்கிருந்த சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2008 ஜூலை முதல் 2009 மார்ச் வரை நோயுற்ற 75 பேரையும் நோயற்ற 67 பேரையும் ஒப்பிட்டது. 2010இல் வெளியான முடிவு: வாஷர் தொட்டியில் கழுவுதிரவம் கலக்காமல் வெறும் தண்ணீரை ஊற்றிய வண்டிகளில் சென்றவர்களுக்கு நோய்க்கான வாய்ப்பு விகிதம் 47. அந்நாட்டில் சமூகத்தில் தனித்தனியாகத் தோன்றும் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு இது காரணமாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 47 என்ற எண்ணைக் கேட்டதும் பதறிவிடக் கூடாது. அதன் நம்பக எல்லை 3.7இலிருந்து 603.6 வரை விரிகிறது. அதாவது, தொடர்பு இருப்பதாகத் தரவு சொல்கிறது, எவ்வளவு வலுவான தொடர்பு என்று அதற்கே தெரியவில்லை. சிறிய ஆய்வுகளின் குணம் அது. வெறும் தண்ணீர் ஊற்றுபவர்கள் வேறு வகைகளிலும் வேறுபட்டவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயமும் நியாயமானதே.

இங்கிலாந்தின் குளிரைத் தமிழ்நாட்டோடு ஒப்பிடலாமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை தேட வெயில் கொளுத்தும் அரிசோனாவுக்குப் போகவேண்டும். அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓட்டோ ஷ்வாக்கியும் உடனாய்வாளர்களும் பள்ளிப் பேருந்துகளின் வாஷர் தொட்டிகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, 2014இல் முடிவை அறிவித்தார்கள்: ஏறத்தாழ 75 சதவீத மாதிரிகளில் லெஜியோனெல்லா இருந்தது. கிருமி கலந்த திரவத்தை ஒரு காரில் ஊற்றி அடித்துப் பார்த்தபோது ஸ்பிரேயிலும் அது உயிரோடு இருந்தது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கண்டுபிடிப்பு. சில வகைக் கழுவுதிரவங்களுக்குள்ளேயே அது 14 மாதம் வரை பிழைத்திருந்தது. இங்கிலாந்து ஆய்வைப் படித்துவிட்டு, திரவம் கலந்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது என்று முடிவெடுத்தவர்களுக்கு இது பதில். திரவம் உதவும், ஆனால் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையை அது செய்யாது. அரிசோனா ஆய்வு கிருமியைத் தேடியதே தவிர நோயாளிகளைத் தேடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

காலங்காலமாகப் பச்சைத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் உண்மை இருக்கிறது: ஆரோக்கியமான பெரும்பாலானோர் இந்தக் கிருமியை மூச்சிழுத்தாலும் நோயுறுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்கள், புகைப்பவர்கள், நுரையீரல் நோயாளிகள், நீரிழிவோ வேறு காரணமோ எதிர்ப்பாற்றலைக் குறைத்தவர்கள் ஆகியோருக்கே அபாயம் அதிகம். நீரிழிவு இவ்வளவு பரவியிருக்கும் நம் ஊரில் அது சிறு கூட்டமல்ல, நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கும் வாடகைக்கார் ஓட்டுநர்களில் பலர் அதில் அடங்குவார்கள். இன்னொன்று, இந்த நோயைச் சாதாரண நிமோனியாவிலிருந்து அறிகுறியால் பிரிக்க முடியாது. தனிச் சோதனை கேட்டால்தான் தெரியும். கேட்காத இடத்தில் யாருக்கும் ஆகவில்லை என்று சொல்வது, தேடாமலே இல்லை என்று சொல்வதற்குச் சமம். தனிமனிதருக்கு அபாயம் மிகக் குறைவு என்றே நானும் நினைக்கிறேன். சற்று நேர வேலையால் அதையும் குறைக்க முடியும் என்னும்போது குறைவு என்பது ஒரு வாதமாகாது.

ஆர்.ஓ. தண்ணீரோ ஏ.சி. தண்ணீரோ ஊற்றினால் போதாதா? நாசில் அடைப்புக்குப் போதும், அதற்கு அவை உத்தமம். உயிர்ப்படலத்துக்கோ, இருக்கிற கொஞ்சம் குளோரினும் இல்லாத தண்ணீர் அவை. ஏ.சி. தண்ணீர் தூசி படிந்த சுருளின்மேல் வழிந்து, ஈரம் காயாத தட்டு வழியாக வருவது. காய்ச்சி வடித்த நீர் என்று நம்பி அதைப் பிடித்து வைப்பவர்கள் உப்பை விரட்டிக் கிருமியை அழைக்கிறார்கள். ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கிழித்து ஊற்றுவதும் நம்மூர் வழக்கம். அது எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும், கிருமிநாசினியல்ல. அதிலுள்ள கெட்டியாக்கிகளும் முடி மென்மைக்கான பொருட்களும் கண்ணாடியில் மங்கலாகப் பூசிக்கொள்ளும், தொட்டியில் உணவாகவும் ஆகும். சோப்புத் துண்டைக் கரைத்து ஊற்றுவது இன்னும் மோசம்: உப்புத் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து சல்லடையை அடைக்கும். சாராயத் தன்மையுள்ள ஏதாவது கலக்கலாமே என்று மெத்தனாலைத் தேடிப் போகவே கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற நஞ்சு அது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 மே முதல் பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் அதை எடையில் 0.6 சதவீதத்துக்குமேல் அனுமதிப்பதில்லை.

இனி வேலை. முதலில் மூடியில் வைப்பர் ஸ்பிரே படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இருக்கும் கூலன்ட் மூடியைச் சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஸ்பிரே அடித்தே தொட்டியைக் காலி செய்யச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. சான்றுகளைப் பார்த்தபின் இதைவிடத் தவறான யோசனை இருக்க முடியாது: எதை மூச்சிழுக்கக் கூடாதோ அதையே லிட்டர் கணக்கில் காற்றில் கலக்கிறோம், தண்ணீர் தீர்ந்தபின் வறண்டு ஓடும் பம்பையும் சூடேற்றிக் கெடுக்கிறோம். மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் கைப்பம்ப் குழாயைக் கழுத்து வழியாக அடிவரை இறக்கி உறிஞ்சி எடுப்பதே சரி. வாயால் உறிஞ்ச வேண்டாம். கை எட்டுகிற வண்டியாக இருந்தால் சாவியை அணைத்து, மின்இணைப்பைக் கழற்றி, பம்பை ரப்பர் வளையத்திலிருந்து மெல்ல இழுத்தால் அடிவண்டலும் சேர்ந்து கீழே கொட்டும். சல்லடையையும் அப்போதே கழுவிவிடலாம். எட்டாவிட்டால் வலுக்கட்டாயம் வேண்டாம், பம்பர் கழற்றும் சர்வீஸின்போது செய்யச் சொல்லலாம்.

கழுவும் வரிசையில்தான் வேதியியல் இருக்கிறது. முதலில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும். கொதிநீர் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். நீண்ட காம்புள்ள பாட்டில் பிரஷ் நுழைந்தால் நல்லது, ஏனென்றால் படலம் உரசினால்தான் பெயரும். பாட்டிலைக் கழுவுவதுபோல அரிசியைப் போட்டுக் குலுக்கும் யுக்தியை மட்டும் இங்கே காட்டாதீர்கள், தங்கிவிடும் ஒரு மணியே பம்பை அடைக்கப் போதும். பெயர்ந்ததை வெளியேற்றி நன்றாக அலசியபின், வெள்ளைப் படிவு இருந்தால் சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரை அரைமணி நேரம் வைத்திருந்து மீண்டும் அலசலாம். வழுவழுப்பும் துர்நாற்றமும் அதிகமாக இருந்தால் மட்டுமே குளோரின்: 5 சதவீத பிளீச் திரவம் லிட்டருக்கு 1 மில்லி என்றால் 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும், ஒரு மணி நேரம் போதும். அழுக்கு இருக்கும்போதே இதை ஊற்றினால் அழுக்கோடு வினைபுரிந்தே குளோரின் தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது; ஆகவேதான் அது கடைசி. வினிகரும் பிளீச்சும் சந்திக்கவே கூடாது, சந்தித்தால் நச்சான குளோரின் வாயு வரும். நடுவில் இரண்டு மூன்று முறை அலசியே தீரவேண்டும். திறந்த வெளியில், கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சில வினாடி ஸ்பிரே அடித்துக் குழாய்களுக்குள்ளும் குளோரின் நீரைச் செலுத்துங்கள். வண்டியின் பெயின்ட்டில் பட்டதை உடனே கழுவிவிட்டு, தொட்டியையும் குழாயையும் நல்ல தண்ணீரால் அலசுங்கள். நாசில் துளையை மெல்லிய ஊசியால் சுரண்டாமல் தொட்டு எடுத்தால் போதும். விசிறிபோல் அடிக்கும் புதுவகை நாசிலில் ஊசி வேண்டவே வேண்டாம், உள்ளமைப்பு சிதைந்துவிடும்.

பிறகு எதை ஊற்றுவது? கடையில் கிடைக்கும் வாஷர் திரவத்தை லேபிளில் சொன்ன விகிதத்தில், உப்பு குறைந்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். அளவுதான் முக்கியம். தொட்டி 5 லிட்டர் கொள்கிறது என்பதற்காக 5 லிட்டர் ஊற்றவேண்டியதில்லை. ஒரு மாதத்தில் செலவாகும் அளவு ஊற்றினால் தண்ணீர் பழசாக நேரமிருக்காது. மூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள், திறந்து கிடக்கும் நல்ல தண்ணீர் டெங்குக் கொசுவுக்கும் பிடிக்கும். வண்டி வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் தொட்டியைக் காலியாக விட்டுவிட்டு, எடுக்கும் நாளில் நிரப்புங்கள். ஸ்பிரே அடிக்கும்போது ஏ.சி.யை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுவது செலவில்லாத காப்பு.

கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் வெயிலில் நிற்கும் வண்டிகள் நம் பள்ளிப் பேருந்துகள். தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென 2012இல் கொண்டுவந்த சிறப்பு விதிகளின் பேரில், ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்குமுன் மே மாதத்தில் அதிகாரிகள் அவற்றைச் சோதிக்கிறார்கள்: பிரேக், அவசரக் கதவு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, தரைப்பலகை. அந்தச் சோதனைக்கு வண்டியை எடுத்துச் செல்லும் முன், விடுமுறைக்கு முந்தைய வாஷர் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவிப் புதிதாக நிரப்பும்படி பள்ளி நிர்வாகங்கள் தங்கள் ஓட்டுநர்களிடம் சொல்லவேண்டும்.